கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?

அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார் ஒன்றையாவது பார்க்காமல் நான் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போனதில்லை. இன்று 44 என்கிறார்கள். நமக்கு அது ஏழாம் நம்பர் ரோடுதான். ஓசூர் போய்ச் சேர்வதற்குள் 300 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். வழியில் டீக்கடையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

மெக்கானிக் கேட்பது இரண்டே கேள்வி: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா? பிளக் ஒயரைக் கழற்றி, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து செல்ஃப் அடிப்பார். பொறி நீலமாகப் பளிச்சிட்டால் கரண்ட் சரி. மஞ்சளாக மங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே பிளாட்டினம் பாயிண்ட். அதன் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. விசிட்டிங் கார்டை நுழைத்தே சரிபார்த்தவர்கள் உண்டு. பாயிண்ட் கருகிக் கிடந்தால் பெரும்பாலும் குற்றவாளி கண்டென்சர். பாயிண்டை மட்டும் தேய்த்துவிட்டுப் போனால் மறுபடியும் நிற்கும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், வண்டி நின்றதும் சூடேறிக் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஏர்லாக் என்பார்கள்; உண்மையில் அது காற்றல்ல, பெட்ரோல் ஆவி. மேட்டில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தொல்லை இன்னும் கூடும். வைத்தியம், பம்பின் மேல் ஈரத் துணி!

இந்தப் பாயிண்ட், காயில் ஏற்பாட்டை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கேடிலாக் கார்களுக்குக் கொடுத்தார். 1912-இல் செல்ஃப் ஸ்டார்ட்டரும் அவர் கைவண்ணம்தான். அதற்கு முன் ஹேண்டில் திருப்பிக் கை முறிந்தவர்கள் ஏராளம். நம் அம்பாசிடரோ அதன் பிறகும் பல காலம் ஹேண்டிலை விடவில்லை.

இங்கே டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் செய்தது, சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். பிளக் செய்தது, 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைகோ. இரண்டு ஊருக்கும் நடுச்சாலையில் இருந்த நம் பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் சொந்தக்காரர் பெயர் மாதிரி. 1980-இல் ஓசூருக்கே அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

ஷெட்டில் பழைய ஃபியட்டை வைத்திருப்பவர்கள், ‘எஞ்சின் போச்சு’ என்று எடைக்குப் போடுமுன் ஒரு கண்டென்சரை மாற்றிப் பார்க்கலாம். மேசைக்கடிகாரத்தின் கட்டை பேட்டரி அளவே உள்ள சாமான் அது. நல்ல கார்கள் பல அதனால்தான் காயலான் கடைக்குப் போயின என்பது என் எண்ணம்.

2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பாயிண்ட் போன இடத்தில் இப்போது மூடி திறக்க முடியாத ஒரு பெட்டி இருக்கிறது.