மோதலையே தொழிலாகக் கொண்டவர்

அமெரிக்கக் கால்பந்தில் 'லைன்பேக்கர்' என்பவர் தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். பந்தோடு பாய்ந்து வருபவரை மோதிச் சாய்ப்பதே அவரது முதன்மையான பணி. விளையாட்டு வரலாற்றை வெற்றிகளின் பட்டியலாகவே வாசித்துப் பழகிய நமக்கு, ஜூனியர் சேயாவின் வாழ்க்கை வேறொரு கணக்கைக் காட்டுகிறது.

சமோவா வழிவந்த குடும்பத்தில் 1969இல் சான் டியாகோவில் பிறந்த அவரை, 1990இல் அந்நகரின் சார்ஜர்ஸ் அணியே வீரர் தேர்வில் ஐந்தாமவராக எடுத்துக்கொண்டது. 1991 முதல் 2002 வரையான பருவங்களில் தொடர்ந்து 12 முறை புரோ பௌல் ஆட்டத்துக்குத் தேர்வானார். 1995 ஜனவரியில் சூப்பர் பௌல் வரை சென்ற அவ்வணி, சான் பிரான்சிஸ்கோவிடம் 49–26 எனத் தோற்றது. பின்னர் மயாமி, நியூ இங்கிலாந்து அணிகள்; 2009 வரை மொத்தம் 20 பருவங்கள்.

2012 மே 2 அன்று, 43ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினர் அவரது மூளையை ஆய்வுக்கு அளித்தனர். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய சி.டி.ஈ. என்னும் மூளைச் சிதைவு நோய் இருந்ததை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2013 ஜனவரியில் அறிவித்தது. உயிருள்ளவரிடம் இன்றும் உறுதிசெய்ய இயலாத நோய் அது.

2015இல் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஏற்புரை வழங்க அவர் இல்லை. 20 பருவங்களின் மோதல்களை எண்ணும்போது, அவற்றுக்கு எழுந்த கைதட்டல்களையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.