வர்ஜீனியா கண்ட சமய உரிமை

அரசு குடிமக்களிடம் வரி கேட்கலாம், வழிபாட்டைக் கேட்கலாகாது. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை சட்டமாவதற்கு எத்துணைப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை அமெரிக்க வரலாற்றில் நாம் காண்கிறோம்.

ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையே அரசின் சபை. பிற சபையாரும் அதற்காக வரி செலுத்த நேர்ந்தது. அனுமதியின்றிப் போதித்த பாப்டிஸ்ட் போதகர்கள் சிறை சென்றனர். நாடு விடுதலை பெற்ற பின்னரும், 1784இல், கிறிஸ்தவப் போதகர்களின் ஊதியத்திற்காக வரி விதிக்கும் மசோதாவைப் பாட்ரிக் ஹென்றி முன்னின்று ஆதரித்தார். அதனை எதிர்த்து 1785இல் ஜேம்ஸ் மாடிசன் ஒரு விண்ணப்பம் வரைந்தார். கிறிஸ்தவத்தை நிலைநாட்டும் அதிகாரத்தை இன்று அரசுக்கு அளித்தால், நாளை அதன் ஒரு பிரிவை மட்டும் உயர்த்தி ஏனையவற்றைத் தாழ்த்தவும் அவ்வதிகாரமே போதுமன்றோ என்பது அவர் வாதம். மக்களின் எதிர்ப்பு விண்ணப்பங்கள் குவிந்தன, மசோதா மடிந்தது.

தாமஸ் ஜெஃபர்சன் 1777இல் வரைந்த சமயச் சுதந்திரச் சட்டம் 1786இல் நிறைவேறிற்று. எந்த மனிதனையும் வழிபாட்டிற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்றது அது. முகவுரையில் இயேசுவின் பெயரைச் சேர்க்கக் கோரிய திருத்தம் தோற்றது. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, இறைமறுப்பாளர் அனைவரையும் இச்சட்டம் காக்கும் என்பதற்கு அத்தோல்வியே சான்று என ஜெஃபர்சன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். 1791இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், ஒரு சமயத்தை நிறுவவோ வழிபாட்டைத் தடுக்கவோ சட்டம் இயற்றலாகாது என்று மத்திய நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்திற்று. வழிபாட்டுரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1940இல்தான்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஜெஃபர்சன் முஸ்லிம்களை நினைத்து எழுதிய அந்நாட்டிலேயே ஆப்பிரிக்க முஸ்லிம்கள் அடிமைகளாய் உழன்றனர். செனகல் பகுதியின் கல்விமான் உமர் இப்னு சயீத் 1807இல் சிறைபிடிக்கப்பட்டு, கரோலினாவில் விற்கப்பட்டார். 1831இல் தம் வரலாற்றை அரபியில் எழுதிய அவர், அதன் தொடக்கத்தில் 'அல்முல்க்' அத்தியாயத்தைப் பொறித்தார். ஆட்சி முழுதும் இறைவன் கையிலேயே என்று தொடங்கும் அத்தியாயம் அது! விடுதலை காணாமலே 1864இல் அவர் மறைந்தார். அடிமை முறையை ஒழித்த திருத்தம் வந்தது 1865இல்.

'எந்த மனிதனையும்' என்றது சட்டம். அம்மனிதருள் உமரைச் சேர்க்க எவரும் எண்ணவில்லை. உரிமை ஏட்டில் ஏறிய பின்னரும், அதன் வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று பார்ப்பது ஒவ்வொரு தலைமுறையின் கடமையாகும்.