கேம்பிலிருந்து காரையாறு வரை

1896-இல் பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடிய பின், நகரத்தைத் திருத்தியமைப்பதற்கென 1898-இல் ஸ்தாபிக்கப்பட்ட இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், தாதர் மாட்டுங்காப் பகுதியில் அகன்ற வீதிகளையும் பூங்காக்களையும் வகுத்தது. அங்கே ரயில் பாதைக்குக் கிழக்கே குடியேறிய தமிழர்களுள் பெரும்பாலோர் எழுத்தர்களும் கணக்கர்களும் ஆசிரியர்களுமாக இருந்தார்கள். பாதைக்கு மேற்கே, தாராவியின் சதுப்பு நிலத்தை ஒட்டிய லேபர் கேம்பில் தங்கியவர்களோ, தோல் பதனிடும் தொழிலையும் நகரசுத்திப் பணியையும் ஆலை வேலையையும் நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். கிழக்கே இருந்தோரின் பள்ளிகளையும் சபைகளையும் சிற்றுண்டிச் சாலைகளையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். மேற்கே இருந்தோரைப் பற்றி எழுதியவர்களோ பெரும்பாலும் வறுமையையும் சாக்கடையையும் எழுதியதோடு நின்றுவிட்டார்கள். ஓயாது உழைத்த அந்த ஜனங்களும் மனைவி மக்களோடு தேச சஞ்சாரம் செய்தார்கள், நகரங்களைச் சுற்றிப் பார்த்தார்கள், சிநேகிதர் வீடுகளில் விருந்துண்டார்கள், ஆற்றங்கரையில் கூடாரமடித்து நாள் கணக்கில் தங்கினார்கள் என்பதும் சரித்திரமே. அதை எழுதி வைப்பது அவசியம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பம்பாயிலிருந்து வந்த இருப்புப் பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் ராய்ச்சூரில் சந்தித்தது 1871-இல். மதுரையிலிருந்து தூத்துக்குடி வரையிலான பாதை, மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் பிரியும் கிளையோடு, 1876-இல் திறக்கப்பட்டது. ஊருக்குப் போய் வருவது குடியானவனுக்கும் சாத்தியமானது இவ்விரு பாதைகளாலேதான். ஆயினும் அந்தப் பிரயாணம் நேரானதன்று. பம்பாயிலிருந்து அகலப் பாதையில் சென்னை சென்ட்ரலுக்கு வந்து, அங்கிருந்து ஜட்கா வண்டியில் மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்குச் சென்று, இரவில் மீட்டர்கேஜ் வண்டியேறி மறுநாள்தான் திருநெல்வேலியைக் காண வேண்டும். வழியில் வாங்கியுண்ணக் கையில் காசில்லை. ஆகையால் புளியோதரையும் எண்ணெயும் பொடியும் தடவிய இட்லியும் தட்டையும் தூக்குச் சட்டிகளில் வந்தன. டிரங்குப் பெட்டிகளின் மேல் ஜமக்காளத்தை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்திவிட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். கர்ஜத்தில் வண்டிக்குக் கூடுதல் எஞ்சின் பூட்டப்பட்டு, குகைக்குப் பின் குகையாகப் போர்க் கணவாயில் ஏறும்போது, உறங்கிய பிள்ளைகளையும் எழுப்பிக் காட்டுவது தகப்பன்மாரின் கடமையாகக் கருதப்பட்டது.

சென்னையில் வண்டி மாற வேண்டிய நிர்ப்பந்தத்தையே இவர்கள் ஓர் அனுகூலமாக மாற்றிக்கொண்டார்கள். வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ ஊர்க்காரர் ஒருவர், அல்லது பம்பாயில் ஒன்றாக வேலை பார்த்து வந்த பழைய சிநேகிதர் ஒருவர் இருப்பார்; அவர் வீட்டுத் திண்ணையில் ஓரிரு நாள் இறங்குவது வழக்கமாயிற்று. 1851-இல் தோன்றிய எழும்பூர்ப் பொருட்காட்சி சாலையைச் சென்னை ஜனங்கள் செத்த காலேஜ் என்றும், மூர் மார்க்கெட்டுக்கு அருகிலிருந்த மிருகக்காட்சி சாலையை உயிர்க் காலேஜ் என்றும் அழைத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்து முடித்து, மாலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்று எழுந்தால் பட்டணம் பார்த்த கணக்குத் தீர்ந்தது. விடுதிக்குப் பணம் கொடுக்கும் பேச்சே எழவில்லை. வந்தவர் ஒரு ஜோடிப் பம்பாய்ச் செருப்பையும் மாகிம் அல்வாவையும் வைத்துவிட்டுப் போவார். இறங்க இடம் கொடுத்தவர் பம்பாய்க்கு வரும்போது கேம்பில் அவருக்குப் பாய் விரிக்கப்படும். எழுதாத இந்த ஒப்பந்தத்தை மீறியவனைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இராது.

ஊர் சேர்ந்த பின் நிகழ்ந்ததே இந்த யாத்திரையின் உச்சம். மே மாதப் பள்ளி விடுமுறையில் வந்தவர்கள் வைகாசி விசாகத்திற்குத் திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போனார்கள். ஆடியில் வந்தவர்கள் அம்பாசமுத்திரத்திற்கு மேற்கே, பாபநாசம் மலைக்குள், காரையாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் சொரிமுத்து அய்யனாரிடம் போனார்கள். சித்தப்பன் பெரியப்பன் குடும்பங்கள் யாவும் கூடிக் கூட்டுவண்டி கட்டி, அரிசி மூட்டை, செப்புக் குடம், அம்மிக்கல், விறகு, நேர்ந்துவிட்ட கிடா அனைத்தையும் ஏற்றிக்கொண்டு, இராப்பகலாகப் பயணம் செய்து மலையடிவாரம் சேர்ந்தார்கள். காட்டு மரங்களினிடையே கழிகளை நட்டு, ஓலையையும் பழஞ்சேலையையும் கட்டிக் குடில் அமைத்து, மூன்று கல் கூட்டி உலை ஏற்றினார்கள். ஆடி அமாவாசைக்கு முன்னும் பின்னுமாகப் பல நாட்கள் அந்த வனம் ஒரு பட்டணமாகவே மாறிவிடும். காலையில் ஆற்றில் நீராட்டம். பகலில் பேச்சியம்மன், சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன் சந்நிதிகளில் பொங்கல். இரவில் வில்லுப்பாட்டும் பூக்குழியும். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் கொலுவீற்றிருந்து தரிசனம் தருவது அவ்விழாவின் தொன்மையான சம்பிரதாயமாயிருந்தது. கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி தமது முதுமை வரை அதை நிறைவேற்றி 2020-இல் காலமானார்.

கேம்பிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே விசேஷ உரிமையுள்ள ஒரு சந்நிதி உண்டு; அது பட்டவராயனுடையது. பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், தோல் தொழில் செய்யும் பகடை குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகள்மேல் காதல் கொண்டு, அவர்கள் தகப்பன் விதித்தபடி பூணூலைக் களைந்து, தோலறுத்துச் செருப்புத் தைக்கக் கற்று, அவர்களை மணந்து, மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது மடிந்தான் என்பது வில்லிசைக்காரர்கள் பாடிவரும் கதை. ஆகவே பட்டவராயன் என்று தெய்வமாகிவிட்ட அவனுக்குக் காணிக்கை செருப்பு. சாத்திய செருப்பு மறு ஆண்டில் தேய்ந்திருக்குமென்றும், காவலுக்காக அவன் அதை அணிந்து காட்டில் நடந்ததே காரணமென்றும் ஜனங்கள் நம்புகிறார்கள். எந்தத் தோல் தொழிலுக்காக ஊரிலும் நகரத்திலும் தம்மை ஒதுக்கி வைத்தார்களோ, அதே தொழிலின் ஆக்கத்தை ஒரு தெய்வம் விரும்பி ஏற்கும் சந்நிதியில், பாந்திராவின் கசாப்புத் தொட்டியிலிருந்து வந்த தோலைத் தாராவியில் பதனிட்டவனும் அவன் பிள்ளைகளும் தலைநிமிர்ந்து நின்றிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தப் பிரயாணத்திற்காக அவர்கள் வருஷக் கணக்கில் சீட்டுப் பணம் சேர்த்ததையும், கடன் வாங்கியதையும் வீண் செலவு என்று பழித்தவர்கள் இதை யோசித்ததில்லை.

அடுத்த பருவத்தில் ஊர்க்காரர்கள் பம்பாய்க்கு வருவார்கள். பத்தமடைப் பாயும் கருப்பட்டியும் ஓலைப்பெட்டி நிறையப் பனங்கிழங்கும் அவர்களோடு வரும். ஒற்றை அறையில் இரண்டு குடும்பம் படுத்தெழுந்தது. ஆண்கள் வெளியே கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்கள். கேம்பில் வசித்த மராத்தியக் கவிஞர் அண்ணா பாவு சாதே அவ்விடத்துக் கொசுக்களைப் பற்றியே ஒரு பவாடா (கதைப்பாடல்) இயற்றினார் என்றால், விருந்தாளிகளின் உறக்கம் எவ்விதம் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனாலும் தாதரில் டிராம் ஏறி, பைகுல்லாவின் ராணி பாக்கில் யானையையும், அப்போலோ பந்தரில் 1924-இல் கட்டி முடிந்த கேட்வேயையும், 1951-க்குப் பின் மரீன் டிரைவின் தாராபூர்வாலா மீன் காட்சி சாலையையும் கண்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு, ஊரில் பல மாதங்களுக்குப் பேச அது போதுமாயிருந்தது. 1964 மார்ச் 31-ஆம் தேதியோடு டிராம் நின்றது; பிறகு மாடி பஸ்ஸில் முன் இருக்கையைப் பிடிப்பதற்குப் பிள்ளைகள் போட்டியிட்டார்கள்.

இப்பொழுது தாதரிலிருந்து கர்நாடகம் வழியாகத் திருநெல்வேலிக்கே நேர் ரயில் உண்டு. சென்னைத் திண்ணைகளில் இறங்க வேண்டிய தேவை ஒழிந்தது, அவற்றோடு அந்தச் சிநேகங்களும் மெலிந்தன. உயிர்க் காலேஜ் 1985-இல் வண்டலூருக்குப் போயிற்று. மூர் மார்க்கெட் அதே ஆண்டில் எரிந்தது. முண்டந்துறைக் காடு 1988-இல் புலிகள் காப்பகமான பிறகு, ஆடி அமாவாசையில் குடிலமைத்துத் தங்கும் நாட்களை வனத்துறை சுருக்கியிருக்கிறது. சொந்த வாகனங்களைக் கீழே அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுகிறார்கள். பிளாஸ்டிக் சோதனையும் நடக்கிறது. தாமிரபரணியின் நீரும் அக்காட்டின் உயிர்களும் காக்கப்பட வேண்டியவை என்பதால் இக்கட்டுப்பாடுகளை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் தங்கும் நாட்களையும் இடத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரிகள், தலைமுறை தலைமுறையாக அங்கே அடுப்பு மூட்டிய குடும்பங்களையும், விடுப்பெடுத்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வரும் கேம்ப்காரர்களையும் அழைத்துக் கலந்தாலோசித்தே அதைச் செய்யவேண்டும். அந்த வனத்தில் எந்த மரத்தடி எந்தக் குடும்பத்தினுடையது என்பதை அவர்களே அறிவார்கள்.