ஒளிவட்டமும் கழுத்து வளையமும்

1428-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் வயதோலித் நகரில் ஈட்டிப்போர் விழாக்கள் நடந்தன. அவற்றில் ஒருநாள் காஸ்தீல் மன்னர் இரண்டாம் ஹுவான் பிதாவாகிய கடவுளின் கோலத்தில் களம் புகுந்தார். உடன்வந்த பன்னிரண்டு வீரர்களும் திருத்தூதர்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒளிவட்டம். கூடவே புனிதரின் பெயர் எழுதிய பட்டை, அவர் மறைசாட்சியாக மாண்டதைக் காட்டும் சின்னம். தேவாலய ஓவியங்களில் கத்தியைக் கண்டதும் பர்த்தலமேயு என்றும், பெருக்கல்குறிச் சிலுவையைக் கண்டதும் அந்திரேயா என்றும் சொல்லப் பழகிய மக்களுக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. மன்னரின் ஒன்றுவிட்ட சகோதரர்களான அரகோன் இளவரசர்கள் அதற்குமுன் ஆளுக்கொரு விழா எடுத்து, செலவிலும் ஆடம்பரத்திலும் அசத்தியிருந்தார்கள். அவர்களுக்கு மன்னர் தந்த பதிலாகவே இக்கோலத்தைப் பார்க்கிறேன். கடவுளுக்கு மேலே ஏற எவருக்கும் படி இல்லை.

ஆறாண்டு கழித்து, அதே மன்னரிடம் அனுமதி பெற்று, சுவேரோ தே கின்யோனெஸ் என்னும் வீரன் ஓர்பிகோ ஆற்றுப் பாலத்தை ஒன்பது தோழர்களோடு மறித்து, அவ்வழி வரும் வீரர்களை ஈட்டிப்போருக்கு அழைத்து நின்றான். அது திருத்தூதர் சந்தியாகப்பர் கல்லறைக்குப் போகும் யாத்திரைப் பாதை. 1434 யூபிலி ஆண்டு வேறு. சுவேரோவிடம் ஒளிவட்டம் இல்லை. காதலிக்குத் தான் கைதி என்பதற்கு அடையாளமாக வியாழன்தோறும் கழுத்தில் இரும்பு வளையம் அணிந்தான். முந்நூறு ஈட்டிகள் முறிந்தால் விடுதலை என்பது அவன் நேர்ந்துகொண்டது.

எனக்கு இந்த வளையமே ஆழமான சின்னம். மூர்களிடம் சிறைப்பட்டு மீண்டவர்கள் தங்கள் விலங்குகளைச் சிலோஸ் மடத்துப் புனித தொமிங்கோவுக்குக் காணிக்கையாக்கிய நாடு அது. அந்தப் பக்தி மொழியைத்தான் சுவேரோ காதலுக்கு எடுத்துக்கொண்டான். வயதோலித் வீரர்கள் புனிதரின் தோற்றத்தை ஒருநாள் அணிந்து கழற்றினார்கள். இவனோ நேர்த்திக்கடன் என்னும் செயலையே மேற்கொண்டான்.

திருச்சபை அதை அப்படி ஏற்கவில்லை. பாலத்துப் போரில் ஈட்டி முகத்தில் பாய்ந்து இறந்த அரகோன் வீரன் அஸ்பெர்த் தே கிளாராமுந்துக்குப் புனித நிலத்தில் ஆறடி மண் கிடைக்கவில்லை. முறிந்த ஈட்டிகள் 166 மட்டுமே. ஆனாலும் நடுவர்கள் சுவேரோவின் வளையத்தைக் கழற்றச் சொன்னார்கள்.

பிறகு அவன் சந்தியாகப்பரிடம் போனான். அவன் காணிக்கையாகத் தந்ததாகச் சொல்லப்படும், பொன்முலாம் பூசிய வெள்ளிக் காப்பு சந்தியாகோ பேராலயத்தில் இருக்கிறது. அதே பெயருடைய இன்னொரு திருத்தூதரான, அல்பேயுவின் மகன் யாக்கோபின் மார்பளவுச் சிலையில், கழுத்தைச் சுற்றி.