நத்தைக்கொல்லி ஈ (செபிடான் பிளம்பெல்லா)

சையோமைசிடே குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஈக்கு 1830இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வீடமான் பெயரிட்டார். ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயர் அதன் மங்கிய உடல் நிறத்தைச் சொல்கிறது. உணர்கொம்புகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், பின்னந்தொடைகள் தடித்திருக்கும். கோரையிலோ நெல் தாளிலோ பெரும்பாலும் தலைகீழாகவே உட்காரும். இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை இதன் வாழிடம் என்று நூல்கள் குறிக்கின்றன. நாடுகளின் பெயரால் இப்படி எல்லை போடுவது பாதி உண்மைதான். இதன் எல்லையை வரைவது நீரின் மேற்பரப்பு.

காரணம் புழுவின் உடலமைப்பில் இருக்கிறது. நீருக்கு மேலே தாவரங்களில் இடப்பட்ட முட்டையிலிருந்து வரும் புழு, காற்றை விழுங்கி மிதக்கும். வால்நுனியிலுள்ள மூச்சுத்துளைகளைச் சுற்றி, நீர் ஒட்டாத மயிர்கள் உண்டு. அவற்றை நீர்ப்படலத்தில் ஊன்றித் தொங்கியபடி சிறு நத்தைகளைக் கொன்று தின்னும். மூன்று பருவங்களில் பல நத்தைகள் தீரும். பிறகு கூட்டுப்புழுவும் மிதந்தே கிடக்கும். இக்குடும்பத்துப் புழுக்கள் நத்தைகளை வேட்டையாடுவதை அமெரிக்கரான கிளிஃபர்ட் பெர்க் 1950இல் அலாஸ்காவில் கண்டறிந்த பிறகே ஆய்வு சூடுபிடித்தது. கால்நடை வளர்ப்போருக்கும் இதில் அக்கறை உண்டு: மாடுகளுக்கு ஈரல் புழுவையும் இரத்தத் தட்டைப்புழுவையும் பரப்புபவை குளத்து நத்தைகளே.

நீர்ப்பரப்பே எல்லை என்ற இந்த வாதத்தை, சாயப்பட்டறைகள் நிறைந்த திருப்பூரில் சோதித்துப் பார்க்கலாம். புழுவும் காற்றை மூச்சிழுக்கிறது, அது தின்னும் நத்தைகளும் காற்றை மூச்சிழுக்கின்றன; சாயக்கழிவால் நீரில் ஆக்சிஜன் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவ்வூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் நோய் ஆக்சிஜன் குறைவு மட்டுமல்ல, உப்பும் கூட. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு கொட்டுகிறார்கள். நன்னீர் நத்தை உப்பேறிய நீரில் நிலைக்காது. அதோடு, துணி நனைய ஊற்றும் சோப் ஆயில் போன்றவை நீர்ப்படலத்தின் இழுவிசையைத் தளர்த்துகின்றன. புழு தொங்குவது அதே படலத்தில்தான் என்பதால், அதன் பிடியும் தளரும் என்று கருத இடமுண்டு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, இன்னும் பழங்கதை எதற்கு என்பார்கள். பட்டறைக் குழாயை அடைத்தாலும், நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றி மண்ணில் இறங்கிய உப்பு அத்தனை விரைவில் கரைந்துபோகாது.

வெளியிலிருந்து ஈயைக் கொண்டுவந்து விடலாமே என்ற யோசனையும் எழும். ஈரல் புழுவை ஒடுக்க 1958இல் ஹவாயில் இதன் உறவினமான ஓர் ஈயை விட்டது உண்மை. அங்கே நத்தை நிறைந்த நல்ல நீர் காத்திருந்தது. இங்கே முதலில் வேண்டியது அந்த நீர்தான். திருப்பூர் வட்டாரத்து அமராவதிப் பாசன வயல்களிலும், 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளத்திலும் பறவை பார்க்கப் போகிறவர்கள், இந்த ஈயைத் தேடிக் கரையோரக் கோரையையும் கொஞ்சம் விலக்கிப் பார்க்கட்டும்.