வீட்டு உறுதி யார் பெயரில்?

வீடு எங்கே கட்டுவது என்று கொழும்பில் ஒருவரிடம் கேட்டால், வேலைக்குப் பக்கம், பாடசாலைக்குப் பக்கம், காணி விலை குறைவு என்று காரணங்கள் சொல்வார். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ கேளுங்கள். "உம்மாட வளவுக்குள்ளதான்" என்பார்கள். அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. இளம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். அதற்கு முன்பும் இங்கு நம்மவர்கள் இருந்தார்கள். வந்தவர்களும் இருந்தவர்களும் வாழ்ந்தது தாய்வழி மரபுள்ள தமிழ் மக்களின் அயலில். முக்குவர் வழக்கப்படி சொத்து பெண்வழியாகவே இறங்கியது. நம்மிடமும் குடி என்பது தாய்வழி வருவதுதான். மரைக்காயர்மார் குடிக்குக் குடி தெரிவாகி வந்ததும் அந்த முறையில்தான்.

முக்குவர் சட்டம், 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு சட்டம் என்ற நிலையை இழந்தது. முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1931இல் தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி, உயில் எழுதாமல் ஒருவர் மௌத்தானால், மகளுக்கு மகனின் பங்கில் பாதி. ஆனால் வழக்கம் மாறவில்லை. காரணம், வாப்பா உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வளவையும் மகள் பெயருக்கு நன்கொடையாக எழுதிவிடுகிறார். அது வாரிசுப் பங்கீட்டுக்குள் வராது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் மற்றக் குமர்களும் பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. ஒரே வளவில் அக்கா தங்கச்சிமார் சுவரோடு சுவராக இருப்பது இப்படித்தான் வந்தது.

இதில் ஒரு பெரிய பலம் உண்டு. கணவர் மௌத்தானாலும், தலாக் ஆனாலும், பெண் தெருவுக்கு வரமாட்டாள். வீடு அவளுடையது. உம்மா பக்கத்து வாசலில்.

இதன் சுமையும் சிறிதல்ல. நம் ஊர்கள் கடலுக்கும் களப்புக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் துண்டுகள். நான்கு மகள்மார் என்றால் நான்கு வீடு. வளவு ஏக்கரிலிருந்து பேர்ச்சுக்கு இறங்கியது. கிடுகு வேலி மதிலானது. இப்போது பக்கத்தில் இடமில்லாமல் மாடிக்கு மேல் மாடி ஏறுகிறது. சில சதுர கிலோமீட்டரே உள்ள காத்தான்குடியில் 2012 கணக்கெடுப்பின்போதே சுமார் 40,000 பேர். 1990இன் படுகொலைகளும் வெளியேற்றங்களும் இந்த நெருக்கத்தை இன்னும் கூட்டின. எல்லைப்புறக் கிராமங்களில் இருந்தவர்கள் பாதுகாப்புத் தேடி ஊருக்குள் வந்தார்கள். காணி மலிவா, காற்றோட்டமா என்று பார்க்கும் காலமல்ல அது. நம் ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்தால் உயிர் தப்பும் என்பதே கணக்கு. மகளுக்கு வீடு கட்ட வாப்பாமார் கடன்பட்டார்கள். தன் சீதன வீட்டைத் தானே கட்ட மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன குமர்களும் உண்டு. அந்த வீடுகளின் கல்லில் அவர்களுடைய இளமை இருக்கிறது.

பிறகு 2004 டிசம்பர் 26. கடல் வந்தது. கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. தூரத்தில் காணி தருகிறோம் என்றார்கள். பலர் தயங்கினார்கள். கடல் பயம் இல்லாமலில்லை. வளவை விட்டால் உம்மா, ராத்தா, பள்ளிவாசல், குடி எல்லாமே சிதறிவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. அடுத்த ஆண்டே அந்த எல்லையைத் தளர்த்த வேண்டி வந்தது.

அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்றும் அப்போது நடந்தது. உதவி வீடுகள் "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் கொடுக்கப்பட்டன. படிவத்தில் தலைவர் என்றால் கணவர். கடல் கொண்டுபோனது மனைவியின் சீதன வீடு. திரும்பி வந்த வீடு பல இடங்களில் கணவரின் பெயரில். பரம்பரை பரம்பரையாகப் பெண் கையில் இருந்த உரிமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கை மாறியது. குடும்பம் நன்றாக ஓடும்வரை யாருக்கும் அது தெரியாது. பிரச்சினை வரும் நாளில்தான் தெரியும்.

சீதனம் வேண்டாம் என்று இன்று இளைஞர்கள் சொல்வது நல்ல விடயம். வாப்பாவின் முதுகை ஒடிக்கும் வழக்கம் போகத்தான் வேண்டும். ஆனால் சுமையை இறக்கும்போது பெண்ணின் கூரையையும் சேர்த்து இறக்கிவிடக் கூடாது. மாப்பிள்ளை கட்டும் வீட்டில் அவளுக்கும் பங்கு எழுதுவோமா? இதைத் திருமணப் பேச்சிலேயே பேச வேண்டும்.

இன்று வீட்டு அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது? உம்மும்மாவிடம் அந்த வளவு எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். நம் ஊரின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கடதாசிகளில்தான் இருக்கிறது.