குடமும் குயவனும்: இறையிருப்பு பற்றிய ஒரு பழைய வாதம்

பண்டைய இந்தியத் தத்துவம் முழுவதும் இறைநம்பிக்கையில் ஊன்றி நின்றது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. நூல்கள் காட்டும் வரலாறு வேறு. உலகாயதர், பௌத்தர், சமணர் மட்டுமன்றி, வேதத்தைப் போற்றிய குமாரிலர் போன்ற மீமாம்சகரும் உலகைப் படைத்த இறைவன் உண்டென்பதை மறுத்தனர்.

இறையிருப்பைத் தருக்கத்தால் நிறுவ முனைந்தோர் நியாய மரபினர். குடம் செய்யப்பட்ட பொருள். அதற்குக் குயவன் உண்டு. உலகும் அத்தகையதே, ஆகவே அறிவுடைய கர்த்தா ஒருவன் வேண்டும் என்பது அவர்தம் வாதம். பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதற்குத் தடை எழுப்பினார். மண்ணின் மாற்றம் என்பதனாலேயே குயவனை ஊகிப்பதாயின், புற்றும் குயவன் செய்ததாகிவிடும் என்றார். 11ஆம் நூற்றாண்டில் விக்கிரமசீல விகாரையின் இரத்தினகீர்த்தி, இவ்வாதத்தை மறுப்பதற்கென்றே 'ஈசுவரசாதனதூஷணம்' என்னும் தனிநூல் இயற்றினார்.

அக்காலத்தை ஒட்டி வாழ்ந்த மிதிலை உதயனர், 'நியாயகுசுமாஞ்சலி' என்னும் நூலின் ஐந்து பகுதிகளில் தடைகளை வரிசைப்படுத்தி விடையிறுத்தார். நாம் கண்ட கர்த்தாக்கள் யாவரும் உடலுடையோரே என்னும் தடைக்கு, கர்த்தாவின் இலக்கணம் உடலன்று. அறிவும் விருப்பமும் முயற்சியுமே என்பது நியாயத்தாரின் விடை.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. நியாய மரபில் அணுக்கள் அநாதியானவை. ஈசுவரன் அவற்றை இணைப்பவன். இல்முல் கலாம் அறிஞர்களுக்கோ அணுவும் படைக்கப்பட்டதே. குயவனுக்கு மண் வேண்டும். அல்லாஹ்வுக்கு அது வேண்டுவதில்லை.

விக்கிரமசீலம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அழிந்தது. பக்தியார் கில்ஜியின் படையெடுப்பே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இரத்தினகீர்த்தியின் ஏடுகள் திபெத்திய மடத்தில் தங்கின. 1930களில் ராகுல சாங்கிருத்தியாயன் அவற்றைக் கண்டறிந்தார். 1957இல் பாட்னாவில் அச்சேறின. அதுவரை இந்திய மாணாக்கர் பௌத்தரின் வாதங்களைப் பெரிதும் அறிந்தது, அவற்றைப் 'பூர்வபட்சம்' என முதலில் எடுத்துரைத்த உதயனர் போன்ற எதிர்த்தரப்பாரின் நூல்களிலேயே.

இந்நெறி நமக்கும் புதிதன்று. தத்துவவாதிகளைக் கண்டித்து 'தஹாஃபுத்' எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அவர்தம் கொள்கைகளை விளக்க 'மகாஸித்' என்னும் தனிநூலே செய்தார். மறுப்பவரின் சொல்லைத் திரிக்காது கேட்பது ஈமானின் தளர்ச்சியன்று. அதன் உறுதிக்குச் சான்று. ஏளனத்தை விடையாகக் கொள்ளும் இந்நாளில் நாம் மீட்டெடுக்க வேண்டிய மரபு இதுவே.